விமானக் கட்சிக்கும் ரயில் கட்சிக்கும் நடுவே ஒரு தோசை

விடுதியில் பரிமாறும் வேலைக்குக் கை ஓடணும், வாய் ஓடக்கூடாது. காந்தலூரில் நான் வேலை பார்க்கும் விடுதிக்கு, பருவநிலை பற்றிப் பேச வருஷாவருஷம் ஒரு பேராசிரியர் கூட்டம் வரும். இந்த வருஷம்தான் பரிமாற என்னை விட்டார்கள். அடுத்தவர் சண்டைக்கு நடுவே சாம்பார் ஊற்றியிருந்தால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

சட்னி

டெல்லியிலிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் வந்த சார் ஒருவர். விமானத்தில் வருவதே பாவம் என்பது அவர் கட்சி. "நான் ஒருத்தி ஏறலைன்னா விமானம் பறக்காதா?" என்பது கொச்சி வரை பறந்து வந்த மேடத்தின் கட்சி. இட்லி ஆறிக்கொண்டிருந்தது. சார் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்க பூண்டு விளையுற ஊர்க்காரங்க. மழை தப்பித் தப்பிப் பெய்யுதுல்ல? யாரால, சொல்லுங்க!"

நாலு வயசு மகளை வளர்ப்பவளுக்கு நழுவத் தெரியாதா? "சட்னி கொண்டாரேன் சார்" என்று உள்ளே நடந்தேன். பின்னாலேயே மேடம் சொன்னார்: "பாத்தீங்களா, அவங்களே உங்ககிட்ட பேச விரும்பல!"

முதல் தோசை

மறுநாள் முதல் தோசையை ரயில் சாருக்கு வைத்தேன். கொள்கையெல்லாம் இல்லை, அவர் கதவோரம் உட்கார்ந்திருந்தார். விமானக் கட்சி உட்கார்ந்திருந்த மேசை மொத்தமும் என்னை முறைத்தது. அடுத்த தோசையிலிருந்து இரண்டு மேசைக்கும் நடுவில் நின்று, இரண்டு கையையும் நீட்டி ஒரே நேரத்தில் வைத்தேன். மேடம் எதிர்த் தட்டை எட்டிப் பார்த்தார். "அவருக்கு மட்டும் மொறுமொறுன்னு இருக்கே?"

ஏழுக்கு ஏழு

கடைசி நாள் பேச்சு எங்கள் பிழைப்புக்கே வந்தது. இந்தக் கூட்டத்தை நம்பித்தான் முதலாளி மழைக்காலத்திலும் எங்கள் மூன்று பேரை வேலையில் வைத்திருக்கிறார். அடுத்த வருஷம் யாரும் பயணமே செய்யாமல் அவரவர் வீட்டிலிருந்து கம்ப்யூட்டரில் கூடலாமா என்று கை தூக்கினார்கள். ஏழுக்கு ஏழு. "வெளியாள் ஒருத்தர் சொல்லட்டும்" என்று பதினாலு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

வராதீங்க என்றால் எங்கள் வேலை போச்சு. வாங்க என்றாலோ, தப்பிப் பெய்த மழையில் மாமனாரின் பூண்டு அழுகியதை நானே பார்த்தவள். "அடுப்புல வேலை கிடக்கு சார்" என்று உள்ளே ஓடி, கதவிடுக்கில் காதை வைத்தேன். முடிவு எட்டாததால், அடுத்த வருஷம் இங்கேயே நேரில் கூடி முடிவெடுப்பது என்று தீர்மானம் போட்டார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த செல்வி அக்கா நிமிர்ந்து பார்த்தாள்: "ஒண்ணுமே சொல்லாம மூணு பேரு வேலையக் காப்பாத்திட்டியேடி!"

எனக்கும் இதில் ஒரு கருத்து உண்டு, அதைச் சொல்வதற்கு முன்னால் வேறு வேலை ஒன்று தேடிக்கொள்ள வேண்டும்.