தேயிலையில் கலந்த மண்

இன்று மாலை தலவாக்கலையிலிருந்து அட்டனுக்கு பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்டில் என் மாணவி ஒருத்தியின் அம்மா. தேயிலைக் கொழுந்து பறிப்பவர். இலங்கை–இந்திய ஒப்பந்தப்படி அடுத்த வாரம் குடும்பத்தோடு ஒரேயடியாக இந்தியாவுக்குப் போகிறார்கள்.

மடியில் பிஸ்கட் டின் வைத்திருந்தார். திறந்து காட்டினார். தேயிலைத் தூள்.

“இதுல பாதி மண்ணுங்க டீச்சர்,” என்றார் மெதுவாக. “சின்னவளப் பொதச்ச எடத்து மண்ணு. கப்பல்ல மண்ணு கொண்டுபோக விடமாட்டாங்கன்னு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சொன்னாரு. அதான் தூள்ல கலந்துட்டேன். அங்க போயி எப்புடிங்க பிரிக்கிறது? நீங்க உப்பையும் மணலையும் பிரிச்சுக் காட்டுனீங்கன்னு மூத்தவ சொல்லுச்சு.”

தூய பொருள் வேறு, கலவை வேறு. கலவையில் உள்ளவை தத்தம் குணத்தை இழப்பதில்லை, அதனால் பிரிக்கலாம். இத்தனை வருடமும் இதைக் கரும்பலகையில்தான் எழுதியிருக்கிறேன்.

“பெரிய சட்டியில நெறையத் தண்ணி ஊத்திக் கலக்குங்க. மண்ணு சீக்கிரம் அடியில தங்கிரும். மேல நிக்கிற தூள தண்ணியோட வடிச்சிருங்க. திரும்பத் திரும்பச் செய்யணும். அப்பவும் கொஞ்சம் தூள் ஒட்டியிருக்கும்.”

“ஒட்டியிருந்தா இருக்கட்டும்,” என்று மூடியை அழுத்தினார். கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார்:

“நாங்க போற ஊர்ல அம்புட்டுத் தண்ணி இருக்குமாங்க?”

திருச்சிப் பக்கம் என்பதைத் தவிர அந்த ஊரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் பிறந்ததே இங்கேதான்.

“இருக்கும்,” என்றேன். நானும் அந்தப் பக்கம் போனதில்லை.

இதைப் படிப்பவர்களில் அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால், நான் சொன்னது பொய்யில்லை என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.