இளவரசியின் கடிதமும் என்னிடமிருந்த உறையும்

மரியதாஸ் அண்ணை இறந்துபோய்விட்டார் என்று அவர் மனைவி திரேசா அக்கா தொலைபேசியில் சொன்னபோது, 'அந்தக் கடிதம் இப்ப எங்க இருக்கு?' என்று கேட்க என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு "எப்ப அக்கா?" என்றேன். சீ, நானும் ஒரு மனிதன்!

நம் முத்திரை சேர்ப்போர் வட்டத்தில் அண்ணையை அறியாதவர்கள் இல்லை. தலைமன்னார்ச் சுங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். புலம்பெயர்ந்து வந்தபின், பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீட்டில், ஹவாய்த் தீவுகளின் பழைய அரச குடும்பத்தாரும் அதிகாரிகளும் கையால் எழுதிய கடிதங்களைச் சேர்த்து வைத்திருந்தார். "மன்னாரானுக்கு ஹவாயில என்ன வேலை?" என்று சீண்டுவோம். "அதுவும் தீவு, மன்னாரும் தீவு. கப்பல் பாத்துக்கொண்டிருந்தவனுக்கு எல்லாத் துறைமுகமும் ஊர்தான்" என்பார்.

அதைத் தொடக்கிவைத்த மடையன் நான்தான். 2001 கோடையில் பியர்பொன்ட்ஸில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றார்கள். ஒரு பெட்டி கடிதங்களை இருவரும் சேர்ந்து வாங்கினோம். எனக்கு முத்திரைப் பைத்தியம். புல்லில் உட்கார்ந்து கடிதங்களை ஒவ்வொன்றாக உருவி அவரிடம் நீட்டினேன். "உறை எனக்கு, குப்பை உங்களுக்கு." பேருந்து முழுக்க அவர் வாசித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது மெதுவாகச் சொன்னார்: "தம்பி, இதில ஒண்டு ஒரு ஹவாய் இளவரசி எழுதினது."

என் வயிறு அன்று பற்றியது. எட்டு வருடமாக அணையவில்லை.

தான் நாட்டைவிட்டுக் கப்பலேறிய நாளில் துறைமுகத்தில் ஒருவர் தொப்பியைக் கழற்றி எழுந்து நின்றதற்கு, இளவரசி அதில் நன்றி சொல்லியிருந்தாள். 'அன்புள்ள நண்பரே' என்றுதான் தொடக்கம், பெயர் இல்லை. மாதா கோவில் மண்டபத்தில் அண்ணை அதை வாசித்தபோது சனம் கைதட்டியது. என்னால் கைகளைச் சேர்க்கவே முடியவில்லை. "இவ்வளவு மரியாதையா எழுதினா ஆள் பெரிய மந்திரியாத்தான் இருப்பான்" என்றார் அண்ணை. பிறகு என்னிடம் வந்தார். "தம்பி, உறை உம்மட்டை இருக்கோ?"

"முத்திரை கழட்டத் தண்ணியில ஊறப்போட்டனான் அண்ணை. மை கரைஞ்சு போச்சு."

"பறவாயில்லை, ஆருக்கும் நடக்கிறதுதான்" என்றவர், வட்டத்தில் உங்களில் ஒருவரிடமும் அதைச் சொல்லி என்னைச் சிரிப்புக்கு ஆளாக்கவில்லை.

பச்சைப் பொய். உறை என் அலுமாரியில் பத்திரமாக இருந்தது. அதே ஊதா மை, அதே சரிந்த எழுத்து. பெயருக்குக் கீழே, சுங்கக் கந்தோர்க் கிளாக்கர் என்று எழுதியிருந்தது. காட்டியிருந்தால் மனுசன் துள்ளிக் குதித்திருப்பார். அந்தச் சந்தோசத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்காது என்பதைத் தவிர வேறு காரணமில்லை. அவரோ கடைசிவரை மந்திரிகளின் பெயர்களையே தேடிக்கொண்டிருந்தார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் திரேசா அக்கா பிளாஸ்டிக் தாளில் சுற்றிய அந்தக் கடிதத்தை என் கையில் வைத்தார். "மற்றதெல்லாம் மகள் ஹவாய் நூதனசாலையில காட்சிக்கு வைக்க அனுப்புறாள். இதை மட்டும் தம்பியிட்டைக் குடு எண்டவர். அவன்தான் முதல்ல கையில எடுத்தவன், அவனுக்கும் ஆசை இருக்கும் எண்டவர்."

இந்த மனிதரோடு எப்படிப் போட்டி போடுவது, சொல்லுங்கள்! கொடுப்பதிலும் என்னை முந்திவிட்டார். வீட்டுக்கு வந்து கடிதத்தை அலுமாரியிலிருந்த அதன் உறைக்குள் வைத்தேன். மடிப்பு பிசகாமல் உள்ளே போனது. இரண்டும் இனி என்னிடம். அந்தப் பொறாமையும் என்னிடம்தான். அது இப்போது அவருடைய நல்ல மனதின்மேல்.

போன சனிக்கிழமை கல்லறைக்குப் போனேன். பக்கத்தில் ஆட்கள் நிற்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல் உறையை வெளியே எடுத்து, முகவரியை உரத்து வாசித்தேன்.

"மந்திரி இல்லை அண்ணை. கிளாக்கர். உங்களைப் போல ஒரு கிளாக்கர்."