பதினோரு பேர் எழுதும் பிரெஞ்சுப் பக்கம்

ஆன்லைனில் பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லித்தருவது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே நாள் முழுக்க ஓடுகிற வேலை.

செஞ்சியில் ஒரு தனியார் பள்ளி. ஏழாம் வகுப்புக்கு நான் பிரெஞ்சு டீச்சர். வகுப்பில் கம்ப்யூட்டரிலோ வீட்டில் போனிலோ பதினோரு பிள்ளைகளும் ஆன்லைனில் ஒரே பக்கத்தைத் திறந்து எழுதுவார்கள். எழுதுகிறவர் பெயரோடு ஒரு சின்னக் கோடு அங்கங்கே துடிக்கும். பதினோரு கோடு சேர்ந்து துடித்தால் பார்க்கிறவள் கதி என்ன என்பது டீச்சர்களாக இதே பாட்டைப் படுகிற உங்களுக்குத் தெரியும்.

முதல் நாள்

வணக்கம் சொல்லி ஆளுக்கொரு வரி எழுதச் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் பக்கம் நிறைந்தது. ஆறாவது நிமிஷம் ஒரு எழுத்து இல்லை, சுத்தமாக வெள்ளை. பிரின்சிபால் பார்க்க வருகிற நேரம். யார் அழித்தது என்று கேட்டேன். முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தினேஷ் எழுந்து நின்றான்.

"போர்டு ஃபுல்லாயிடுச்சு மிஸ். நீங்க அடுத்தது எழுதுவீங்கன்னு நான்தான் அழிச்சி வச்சேன்."

மோன் பேர்

பிரெஞ்சில் அப்பாவுக்கு 'பேர்'. 'மோன் பேர்' என்றால் என் அப்பா. தன்னைப் பற்றி எழுதச் சொன்ன அன்று, 'மோன் பேர் தினேஷ்' என்று அவன் ஆரம்பிக்க, அதைப் பார்த்து இன்னும் ஆறு பேர் அதேபோல் எழுதிவிட்டார்கள். நோட்டில் என்றால் ஒரு தப்பு ஒரு நோட்டோடு நிற்கும். இங்கே நான் மேலே ஒன்றைத் திருத்துவதற்குள் கீழே இரண்டு முளைத்தன. கடைசியில் தினேஷைக் கூப்பிட்டு, "உங்க அப்பாதான் தினேஷ்னு எழுதியிருக்கே" என்றேன்.

"எங்க நைனா பேரு சேகர் மிஸ். அவரு பாக்கறதுக்குள்ள அழிச்சிடுங்க."

புதிய கோடு

வீட்டுப்பாடம் சாயங்காலம் ஆறு மணிக்கு. அனந்தபுரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் அதைப் பார்ப்பேன். பார்க்காமல் இருக்க முடியாது. ஒருநாள் 'அம்மன் டிராக்டர்' என்ற பெயரில் பன்னிரண்டாவதாக ஒரு கோடு வந்தது. ஒவ்வொரு பிள்ளையின் வரியிலும் போய் நின்றது. நடுவில் கண்டபடி எழுத்துகள் விழுந்தன. "யாரு இது?" என்று ஒருத்தி தமிழிலேயே எழுதினாள். வெளி ஆள் எவனோ பிள்ளைகள் நடுவே நுழைந்துவிட்டான் என்று நினைத்தேன். பக்கத்தை மூடலாம் என்றால் சிக்னல் போய்விட்டது. பாதி வழியிலேயே இறங்கி, போனைத் தூக்கிப் பிடித்தபடி ரோட்டோரம் நடந்தேன். சிக்னல் வந்ததும் முதலில் வந்தது, டிராக்டர் ஓட்டுகிற தினேஷின் நைனாவின் அழைப்புதான்.

"பையன் படிக்கறானான்னு பாக்கலாம்னு என் போன்ல தொட்டேன் டீச்சர். உள்ள வந்துட்டேன், வெளிய போற வழிதான் தெரியல."

அழித்த வரி

பத்மஜா மேல்சித்தாமூரிலிருந்து வருகிறவள். அதிகம் பேசமாட்டாள். வீட்டில் இருப்பவர்களைப் பற்றி எழுதச் சொன்னபோது அவளுடைய கோடு அரை மணி நேரம் துடித்தது. பக்கத்தில் நின்றதோ இரண்டே வரி. யார் எதை எழுதினார், எதை அழித்தார் என்று காட்டும் பொத்தான் ஒன்று டீச்சர்களுக்கு உண்டு. எங்கிருந்தாவது காப்பி அடித்தாளோ என்று அதை அழுத்தினேன். 'அண்ணன் வீட்டில் இல்லை. எங்கே என்று எங்களுக்குத் தெரியாது.' இதைப் பிரெஞ்சில் நான்கு முறை எழுதி, நான்கு முறையும் அழித்திருந்தாள்.

இரண்டு நாள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேட்டால் பிள்ளை நொந்துபோகும். கேட்காவிட்டால், ஒளிந்திருந்து பார்த்த மாதிரி எனக்கே கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் வகுப்பு முடிந்ததும் அவளை மட்டும் நிறுத்தி, "நீ அழிச்சதும் எனக்குத் தெரியும்மா. படிச்சிட்டேன், தப்புதான்" என்றேன். அவள் பையின் வாரைத் திருகினாள். அந்த வரியில் பிழை இருந்ததா என்று மட்டும் கேட்டாள். ஒன்றுகூட இல்லை என்றேன்.

"அதுக்கு அடுத்த வரிதான் மிஸ் எழுத வரல. 'திரும்பி வந்துடுவான்'னு எழுதணும், எதிர்காலம் நாம இன்னும் படிக்கலையே."

எதிர்காலம் பாடத்திட்டத்தில் மூன்றாம் பருவத்துக்குத்தான் என்றாலும் மறுநாளே நடத்திவிட்டேன். நம் தொழிலில் எந்தப் பாடம்தான் அதற்குரிய நேரத்தில் நடந்திருக்கிறது, சொல்லுங்கள்.