விழுந்து கிடந்தால் மட்டும் வீரன்

மேசையில் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டில், குறிப்பிட்ட நிலைமையில் மட்டும் வேலை செய்யும் சண்டைத் திறமைகளை எடுக்கலாமா என்று என்னைக் கேட்டால், வேண்டாம் என்பேன். என்னிடம் அப்படி நான்கு இருந்தன.

விளையாட்டைக் கொண்டுவந்தவன் என் மனைவியின் தம்பி. கனடாவில் பழகியவன், புத்தூரில் வந்து குடியேறியபோது பெட்டிக்குள் இருபது முகப் பகடைகளும் வந்தன. ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டு மேசையில் கூடுவோம்: அவன், மருந்து விற்கும் பாமசி வைத்திருக்கும் அயலவர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூடக் கணக்கு ரீச்சர், நான். மைத்துனன் கதை சொல்லுவான். நாங்கள் ஆளுக்கொரு தாளில் எழுதிவைத்த வீரராகி அதற்குள் நடப்போம். அடி விழுமா தவறுமா என்பதைப் பகடை சொல்லும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு திறமை எடுக்கலாம். எல்லா அடிக்கும் கொஞ்சம் பலம் கூட்டலாம். அல்லது இருட்டில், தண்ணீருக்குள், சுற்றி வளைக்கப்பட்டால், விழுந்து கிடந்தால் என்று ஏதாவது ஒரு நிலைமைக்கு மட்டும் பெரிய பலம் எடுக்கலாம்.

நான் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒரு பையில் போட்டு, இன்றைக்கும் வாசற்கதவுக்குப் பின்னால் கொழுவி வைத்திருக்கிறவன். சின்ன வயதில் யுத்தத்தால் ஊர்விட்டு ஊர் ஓடியவனுக்கு அந்தப் பழக்கம் விடாது. நான்கு கட்டத்திலும் அந்த நான்கு ஆபத்துக்குமே எடுத்தேன். மற்ற இருவரும் அதையேதான் செய்திருந்தார்கள். ரீச்சருக்குப் புகைக்குள் கண் தெரியும். பாமசிக்காரர் கை கட்டப்பட்டாலும் சண்டை பிடிப்பார்.

"அத்தான், மூண்டு பேரும் உலகம் அழியிறதுக்கு ஆயத்தமா நிக்கிறியள். ஒரு கோழியை அடிக்க ஏலாது," என்றான் மைத்துனன்.

அந்த வீரனை இரண்டு வருடமாக வளர்த்தேன். செத்தால் தாளைக் கிழிக்கவேண்டும் என்பது மைத்துனனின் சட்டம். முதுகுப் பிடிப்போடு எழும்பி, கந்தோர் வேலை அலுப்போடு திரும்புகிற என்னில் களைக்காத ஆள் அந்த வீரன் ஒருவன்தான்.

போன மாதம் சோதனை வந்தது. கதையில் நடுப்பகல். வெட்டவெளி. காய்ந்த தரை. ஒரேயொரு கள்ளன், கையில் ஒரு பொல்லுத்தடி.

இருட்டில்லை, தண்ணீரில்லை. ஒருவன் எப்படி எங்களைச் சுற்றி வளைப்பான்? பாமசிக்காரர் முதல் அடியிலேயே மயங்கினார். என் வீரனும் அடி வாங்கினான், இன்னும் ஓரடி விழுந்தால் உயிர் போய்விடும். தாளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். பொல்லோடு நிற்பது மைத்துனனின் வாயிலிருந்து வந்த கள்ளன் என்று மூளைக்குத் தெரியும். கைக்கு யார் சொல்வது?

"நான் விழுறன்," என்றேன்.

"ஆர் தள்ளினது?"

"ஒருத்தரும் தள்ளேல்லை. நானாத்தான். விழுந்து கிடந்தால் என்ர அடிக்கு ரெண்டு மடங்கு பலமெல்லோ."

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, உமக்கு விசரோ?"

விழுந்தேன். மைத்துனன் என்னைப் பாவமாகப் பார்த்தான். "கள்ளன் பின்னுக்குப் போறான், அத்தான். குனிஞ்சு ஒரு கல்லை எடுக்கிறான்."

வாள் எட்டும் தூரத்துக்குத்தான் அந்தத் திறமை. தாளில் நானே எழுதியிருந்தேன், வடிவான கையெழுத்தில். பகடை உருண்டது. பதினெட்டு. கல் தவறவில்லை.

கள்ளனை ரீச்சர் பிறகு சாதாரணத் தடியால், சாதாரணமாக அடித்து விழுத்தினார். நான் தாளை இரண்டாகக் கிழித்தேன். துண்டுகளை ஏனோ சேர்த்தும் பார்த்தேன். கவலை வரும் என்று இருந்தேன், அலுப்புத்தான் வந்தது. வராத வெள்ளத்துக்கும் வராத இருட்டுக்கும் இவ்வளவு காலம் நுனிக்காலில் நின்ற அலுப்பு.

மைத்துனன் புதுத் தாளை நீட்டினான். "புது ஆள். முதல் திறமை என்ன?"

எல்லா அடிக்கும் கொஞ்சம் பலம் என்று எழுதினேன். பாமசிக்காரர் கை தட்டினார். எழுதியதை மூன்று தரம் வாசித்தேன்.

"உது தண்ணிக்குள்ளையும் வேலை செய்யுமோ?"

"ஓம் அத்தான்."

"விழுந்து கிடந்தாலும்?"

"எல்லா அடிக்கும் எண்டால் எல்லா அடிக்கும்தான். தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."