பத்து நாள் காவல்

நாய் என்றாலே எனக்கு ஆகாது. ஏழு வயதில் ஒரு தெருநாய் என் கெண்டைக்காலைக் கவ்வியது. அப்பா காயத்தில் மிளகாய்த்தூளை அப்பினார். அதற்கப்புறம் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. ஊசியின் வலிகூட மறந்துவிட்டது. நான் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அம்மா என் தொண்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மட்டும் மறக்கவில்லை. வெறி பிடித்தால் தண்ணீர் இறங்காது என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். நாய் வளர்க்க வேண்டும் என்று என் மகள் கேட்டபோதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லித்தான் அவள் வாயை அடைத்து வந்தேன்.

அவள் நான்காம் வகுப்புக்குப் போனபின் கதை பலிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் அவள் அப்பாவும் பெரம்பூருக்குப் போய் ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். தண்டவாளத்தோரம் அடிபட்டுக் கிடந்ததை யாரோ காப்பாற்றித் தேற்றி, வளர்க்க ஆள் தேடியிருக்கிறார்கள். பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியிருந்தது.

"ஒரு ஓரமா கெடக்கும்மே. உன்ன இன்னா பண்ணப் போவுது அது?" என்றார் என் வீட்டுக்காரர். ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர், எதற்கும் பயப்பட மாட்டார். அவர் பங்குப் பயத்தையும் சேர்த்து நான்தான் படவேண்டியிருக்கிறது.

நாயோடு ஒரு அட்டையும் தந்திருந்தார்கள். உடம்பு தேறியதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடச் சொல்லித் தேதி எழுதியிருந்தது. அட்டையை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகியவள் நான். தேதி வந்தது. வீட்டுக்காரர் கடலில் இருந்தார். அந்த நாயை நான் தொட்டுத் தூக்கிக்கொண்டு போவதாவது? நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். அந்த நாளை வரவேயில்லை. இதற்காக என்னை நானே இன்றுவரை மன்னிக்கவில்லை.

எங்கள் குப்பம் திருவொற்றியூரில் கடலுக்கும் எண்ணூர் சாலைக்கும் நடுவில் இருக்கிறது. கண்டெய்னர் லாரிகளின் சத்தம் எங்கள் காதில் விழுவதேயில்லை, பழகிப்போச்சு. நாய்க்குப் பழகவில்லை. ஒரு மாலை மகள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலில் இருந்தபோது ஒரு லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டான். நாய் துள்ளி, அவள் மணிக்கட்டைக் கடித்துவிட்டு மூலையில் போய் ஒடுங்கியது.

இரண்டு பல் பதிந்து ரத்தம். பக்கத்து வீட்டுக்காரி மிளகாய்த்தூள் டப்பாவோடு ஓடி வந்தாள். "எடுத்துகினு போயிடு" என்றேன். நான் போட்ட பார்வையில் அவள் டப்பாவை மூடிக்கொண்டாள். சோப்புப் போட்டுக் குழாயடியில் வெகுநேரம் கழுவினேன். மகள் அழவில்லை. "அது வேணும்னு கடிக்கலம்மா" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றியும் தோளிலும் ஊசி போட்டார்கள். நாய்க்கு ஊசி போட்டாச்சா என்று டாக்டர் கேட்டார். நான் மகளின் கையைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். இல்லை என்று வீட்டுக்காரர்தான் சொன்னார்.

"நாய அடிச்சு விரட்டிடாதீங்க. பத்து நாள் கட்டிப்போட்டுப் பாருங்க. பத்து நாளும் அது நல்லா இருந்தா, கடிச்சப்ப அதுக்கு நோய் இல்லன்னு அர்த்தம். இவளுக்கு ஊசிய மட்டும் தேதி தப்பாம போட்டுடுங்க" என்றார் டாக்டர். தேதி தப்பாமல் என்று அவர் சொன்னது என்னையே சொன்ன மாதிரி இருந்தது.

கொழுந்தனார் அன்றே வந்து நின்றார். "அடிச்சிப் போட்டுட்டு வேலையப் பாரு அண்ணி."

"அதத் தொட்டுப் பாரு, கைய ஒடிச்சிடுறேன்" என்றேன்.

நான் பேசியது நாய்க்காக அல்ல. அது உயிரோடு இருந்தால்தான் என் மகளுக்கு ஆபத்தில்லை என்று தெரியும். ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, நான் பயந்து நடுங்கும் ஒரு பிராணிக்குக் காவல் உட்கார்ந்தேன். காலண்டரில் தினமும் ஒரு கோடு போட்டேன். சோறு வைப்பேன், தண்ணீர் வைப்பேன், தள்ளி நின்று அது விழுங்குகிறதா என்று பார்ப்பேன். அதன் வாயில் ஒரு துளி எச்சில் கண்டால் தண்ணீர்த் தட்டை இன்னும் கிட்டே தள்ளி, மறுபடி குடிக்கிறதா என்று பார்ப்பேன். வீட்டில் குடிக்கிற குடத்துத் தண்ணீர் வேறு வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. லாரித் தண்ணீரை நின்று பிடிப்பது யார்? "தண்ணிய வெச்சி வெளையாடுறியா?" என்று மகளைத் திட்டினேன். அவள் கையிலிருந்த தம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

ஏழாம் நாள், அவள் கைக்கெட்டாத தூரத்தில் இருக்கட்டும் என்று, நாயை வாசலிலிருந்து அவிழ்த்து மணலில் கிடந்த படகோடு கட்டச் சொன்னேன். கட்டச் சொன்னவள் நான்தான்.

எட்டாம் நாள் காலை தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். நாய் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. வாயிலிருந்து எச்சில் கோழையாக ஒழுகியது. எழப் பார்த்தது, பின்னங்கால்கள் மணலில் இழுபட்டன. தட்டை முன்னால் தள்ளினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வீட்டுக்கு ஓடி, மகளை உள்ளே தள்ளிக் கதவை வெளியே பூட்டினேன். "என்னம்மா ஆச்சி?" என்று அவள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டேயிருந்தாள். நான் வீட்டுக்காரரைக் கூப்பிட ஓடினேன்.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். பிறகு நாயை விட்டுவிட்டு மணலையே உற்றுப் பார்த்தார். குனிந்து எதையோ எடுத்தார். பாதி தின்ற பேத்தை மீன். வயிற்றை உப்பவைக்கும் விஷ மீன். வலையில் வந்தால் உதறும்போதே மணலில் எறிந்துவிடுவோம். குப்பத்து நாய்கள் மோந்துவிட்டுப் போய்விடும், எதுவும் வாய் வைக்காது. அதனால் அதை யாரும் புதைப்பதில்லை.

"நான்தான்மே எறிஞ்சேன். நம்ம நாய்ங்க தொடாது. இதுக்கு எப்டித் தெரியும், பெரம்பூர் நாயாச்சே" என்றார். அவர் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன்.

மகளைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு, கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு நாயை மீன் பெட்டியில் வைத்து, மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கையுறையோடு பார்த்து, ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார்.

"பேத்தை விஷத்துலயும் இப்படித்தான் இருக்கும். வெறி நோயிலயும் இப்படித்தான் கால் விழும். இப்பவே சொல்ல முடியாதும்மா. நாளைக்கு எழுந்துட்டா பேத்தைதான். செத்துட்டா புதைச்சிடாதீங்க, தலையைப் பரிசோதனைக்கு அனுப்பணும்."

நாயோடு வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தத் தலையைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். நினைக்க நினைக்க அது என் மகளின் முகமாக மாறியது. வண்டியில் உட்கார்ந்தபடியே ஒற்றியூர் சாமியிடம் அந்த நாயின் உயிரைக் கெஞ்சிக் கேட்டேன்.

மறுநாள் காலை தட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டு நின்றேன். நாய் முன்னங்கால்களை ஊன்றியது. தள்ளாடி எழுந்தது. நாக்கை நீட்டிச் சளப் சளப்பென்று குடிக்க ஆரம்பித்தது. தட்டு காலியாகும்வரை அதன் தொண்டையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

பத்தாம் நாளும் போனது. கடைசிக் கோட்டைப் போட்டுவிட்டு மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாய் வாசலில் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது.

"இன்னமே அதுக்கு ஒண்ணும் இல்லியாம்மா?"

"ஒண்ணும் இல்ல."

"எனக்கும்?"

"உனக்கும் ஒண்ணும் இல்ல. பாக்கி ஊசியப் போட்டுட்டா போதும்."

அவள் கோடுகளை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப நான் தண்ணி குடிச்சிக் குடிச்சிப் பாக்குறத நிறுத்திடட்டுமாம்மா?"