கடையில் கிடைக்காத கடைச்சரக்கு

பத்து கிகாபிட் நெட்வொர்க் லைனில் ஓடும் டேட்டா டிராஃபிக்கை ஒரு பாக்கெட்கூட விடாமல் பிடிக்க வேண்டும். ஆனால் ஹார்டுவேர் ‘ஆஃப்-த-ஷெல்ஃப்’ ஆக இருக்க வேண்டும். எங்கள் திட்டத்துக்கு விதிக்கப்பட்ட ஒரே நிபந்தனை அது. அதாவது, எந்தக் கல்லூரியும் கடையில் வாங்கிச் செய்துபார்க்கக்கூடிய சரக்கு.

திருவனந்தபுரத்தில் எங்கள் ஆய்வகத்தில் இரண்டு இயந்திரங்கள் தயாராயின. ஒன்று, டைரக்டருக்குப் பிடித்த ஒரு கம்பெனியுடையது. அதிலுள்ள நெட்வொர்க் கார்டை ஆர்டர் போன பிறகுதான் வெளிநாட்டில் செய்யவே தொடங்குவார்கள். மற்றது செல்வியுடையது. பாறசாலையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒப்பந்த எஞ்சினியர் அவள். சாதாரண சர்வர், சாதாரண நெட்வொர்க் கார்டு. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை மட்டும் மாற்றி எழுதியிருந்தாள். சோதனையில் இரண்டுமே ஒரு பாக்கெட்டையும் விடவில்லை. அவளுடையது தேர்வானால் அவள் வேலை நீளும். இல்லாவிட்டால் அந்த மாதத்தோடு சரி.

எது கடைச்சரக்கு என்று தீர்மானிக்கும் கமிட்டிக்கு நான் தலைவர். நாகர்கோவில்காரரான டைரக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“ஓய் மணி, கம்பெனி கேட்லாக்ல கார்டு படம் இருக்குல்லா? அப்போ அது கடைச்சரக்குதான். அந்தப் பிள்ளை டிரைவரைப் போட்டு நோண்டியிருக்கா. நோண்டினது எப்படி ஓய் கடைச்சரக்காகும்?”

பிறகு, “உம்ம சர்வீஸ் எக்ஸ்டென்ஷன் ஃபைல் எங்கிட்டதான் கெடக்கு” என்றார்.

கமிட்டி கூடியபோது செல்வி கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சாரே, இது ஆரியசாலைப் பக்கம் ஒரு கடையில வாங்கினது. இப்போ போனாலும் கிட்டும். ஆட்டோ விளிக்கட்டா?”

ஓர் உறுப்பினர் சிரித்தார். “கடையில கிட்டினா மட்டும் கடைச்சரக்கு ஆயிருமாம்மா?”

“பின்னே, கடையில கிட்டாததா சாரே ஆகும்?”

நான் டீ கொண்டுவரச் சொன்னேன்.

டீக்குப் பிறகு கடைச்சரக்குக்கான விளக்கத்தை எழுதினேன்: ‘தயாரிப்பாளரின் கேட்லாக்கில் உள்ளதும், பயன்படுத்துபவர் எந்த மாற்றமும் செய்யாததும்.’ மாதக்கணக்கில் காத்திருந்து வரவழைக்க வேண்டிய கார்டு கடைச்சரக்காயிற்று. ஆட்டோவில் போய் வாங்கி வரக்கூடியது விசேஷத் தயாரிப்பாயிற்று. எல்லாரும் கையெழுத்திட்டார்கள். வாசகம் கச்சிதமாக இருப்பதாக ஒருவர் பாராட்டவும் செய்தார்.

மாதக் கடைசியில் செல்வி விடைபெற வந்தாள்.

“சாருக்கு எக்ஸ்டென்ஷன் கிட்டிச்சா?”

“கிட்டிச்சு.”

“நல்லது சாரே.”

எங்கள் இயந்திரத்தை இதுவரை எந்தக் கல்லூரியும் செய்துபார்க்கவில்லை. கேட்ட யாருக்கும் கார்டு கிடைக்கவில்லை.

இந்தத் துறைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஒரு விளக்கத்தை எழுதுமுன், அதனால் வெளியே போகப்போவது யார் என்று பாருங்கள். ஆனால் பார்த்தால் மட்டும் போதாது. நானும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.