ஊசியோடு தூங்குகிறவர்களை எழுப்புகிறவன்

தூங்குகிற ஆளை எழுப்பிவிட்டுச் சம்பளம் வாங்குகிற தொழில் அதிகம் கிடையாது. எனக்கு அது வாய்த்திருக்கிறது. சாயங்காலத்தில், தேரடித் தெருப் பக்கம் ஒரு பாத்திரக் கடை மாடியில் இருக்கிற அக்குபங்சர் கிளினிக்கில் நான் உதவியாள். டாக்டரம்மா நஸீமா ஊசி போடுவார். நான் திரையை இழுத்துவிட்டு மணி பார்ப்பேன். பத்து நிமிஷத்தில் திரைக்குப் பின்னாலிருந்து குறட்டை கேட்கும். நேரம் முடிந்ததும் உள்ளே போய், "எழுந்திருங்க, ஊசிய எடுக்கணும்" என்று எழுப்புவேன். வலியோடு வந்தவர்கள் குழந்தை மாதிரி மலங்க மலங்க முழிப்பார்கள்.

ஒன்பது மணிக்கு மேல் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. அங்கே நான் தூங்கக் கூடாது. வாட்ச்மேன், டோல்கேட், ஆம்புலன்ஸ் என்று ராத்திரி வேலை பார்க்கிற சக பாவிகளுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பகலில் தூங்கலாம் என்று வீட்டுக்குப் போனால் கண் மூடாது. மனைவி இல்லாத வீடு. பெண்ணும் கல்யாணமாகி ஓசூர் போனபிறகு அங்கே சத்தமே இல்லை. சத்தமில்லாத வீட்டில் தூக்கம் இன்னும் கம்மி. "அப்ப நீயும் ஊசி போட்டுக்கயேன்" என்பீர்கள். சிக்கலே அங்கேதான். எனக்கு ஊசி என்றால் பயம்.

மாடிப்படி

எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் மூட்டு வலிக்காரர்கள். கிளினிக் இருப்பதோ மாடியில். அடி அண்ணாமலை முனுசாமி முதல் தடவை வந்தபோது ஒவ்வொரு படியிலும் நின்று, கட்டடம் கட்டின புண்ணியவானைத் திட்டிக்கொண்டே ஏறினார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் விடிய விடிய நின்று வெள்ளரிக்காய் விற்கிறவர். முட்டியைச் சுற்றி ஊசி போட்டுச் சில வாரம் போனது. வலி அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் வெள்ளரிக்காய்க் கூடை காலியாகிற வரை நிற்க முடிந்தது.

ஒரு நாள் எங்கேயும் நிற்காமல் ஏறி வந்து உட்கார்ந்தார். டாக்டரம்மா "எப்படி இருக்கு?" என்று கேட்டார். முனுசாமி கொஞ்சம் யோசித்தார். "முட்டி தேவலம்மா. ஆனா இது உங்க ஊசி வேலையா, உங்க மாடிப்படி வேலையானுதான் புரியல."

எறும்பு

பயப்படுகிறவர்களுக்குத் தைரியம் சொல்வதும் என் பொறுப்பு. "சும்மா எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்பது என் வசனம். அதைச் சொல்லும்போது என் கண் மட்டும் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பஷீர் பாய் பிரியாணி மாஸ்டர். கல்யாண வீடுகளில் அண்டா கிளறிக் கிளறி வலது தோளைத் தூக்க முடியாமல் வந்தார். டாக்டரம்மா அவர் எதிரிலேயே புது ஊசி உறையைப் பிரித்தார். தலைமுடி மாதிரி மெல்லிசு. அதைப் பார்த்ததுமே அவருக்கு வேர்த்துவிட்டது. தினமும் நெருப்பு முன்னால் நிற்கிற மனுஷன்! நான் என் வசனத்தை எடுத்துவிட்டேன். பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த எறும்புண்ணே? பிள்ளையார் எறும்பா, கட்டெறும்பா? கரெக்டா சொல்லுங்க."

புத்தகத்தில் படித்த வைத்தியம்

ஊசிதானே பயம், விரலால் அழுத்தினால் என்ன என்று நினைத்தேன். பழைய புத்தகக் கடையில் ரெண்டு புத்தகம் வாங்கி, லாட்ஜ் மேஜையில் உட்கார்ந்து நானே படித்தேன். தூக்கத்துக்கு மணிக்கட்டில் ஒரு புள்ளி என்று போட்டிருந்தது. பேனா மூடியால் அழுத்தினேன். மணிக்கட்டு சிவந்தது, தூக்கம் மட்டும் வரவில்லை.

அதோடு விட்டேனா? கிரிவலத்துக்குச் சித்தூரிலிருந்து வந்த ஒருத்தர் தலைவலி என்று மாத்திரை கேட்டார். "மாத்திரை எதுக்கு, கைய நீட்டுங்க" என்று கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து அழுத்தினேன். மெதுவாக என்று புத்தகத்தில் இருந்திருக்கும். நான் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். பிறகு கையை உருவிக்கொண்டு சொன்னார்: "தலை நொப்பி கம்மி ஆயிடுச்சு அண்ணா. இப்ப கை நொப்பி ஜாஸ்தி."

யாருக்குப் போட்ட ஊசி

வேங்கிக்காலில் ஒரு ஆபீசில் சூப்பிரண்டாக இருக்கிறவர் ஒருத்தர் வந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து இறுகி, அங்கிருந்து தலைவலி. ஊசி போட ஆரம்பித்ததும் தலைவலி வருவது குறைந்தது, பசி எடுத்தது. உற்சாகத்தில், "சுகர் மாத்திரைய நிறுத்திடட்டுமா டாக்டர்?" என்று கேட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஊசி கழுத்துக்கு. மாத்திரை சுகருக்கு. அத நிறுத்துறதா இருந்தா இங்க வராதீங்க" என்றார்.

மனுஷன் முகம் தொங்கிப்போய் எழுந்தார். கூட வந்திருந்த அவர் மனைவி மட்டும் பின்தங்கி நின்று, டாக்டரம்மாவிடம் குரலைத் தாழ்த்தினார். "நீங்க போடுறத நிறுத்திடாதீங்கம்மா. அவருக்குப் போட்டதுல நான் நல்லாருக்கேன். ஒரு வாரமா என்னைத் திட்டல."

மீடியன்

ஒரு நாள் காலையில் லாட்ஜிலிருந்து வண்டியில் போகும்போது, எனக்கே தெரியாமல் கண் சொருகிவிட்டது. முழித்தபோது வண்டி ரோட்டு நடுவில் மீடியன் மேல் கிடந்தது, நான் பக்கத்தில். பின்னால் வந்த பஸ் டிரைவர் பிரேக் போட்டதால் இதை எழுதுகிறேன். முட்டியில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. பெண்ணுக்கு போன் செய்து, தமாஷ் மாதிரிச் சொன்னேன். அவள் சொன்னாள்: "ஒண்ணு தூங்குப்பா. இல்லன்னா வண்டிய வித்துடு. ராத்திரியில போன் அடிச்சாலே எனக்கு பக்குனு இருக்குது."

திரைக்குப் பின்னால்

அன்று சாயங்காலம் மாடிப்படியில் ஒவ்வொரு படியாக நின்று ஏறினேன். மேலே முனுசாமியும் பஷீர் பாயும் உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் பாய் கேட்டார், "ஏண்ணே, தூக்கத்துக்கு நீங்க ஊசி போட்டுக்கிட்டதில்லையா?" நான் காலண்டரைப் பார்த்தேன். "அப்ப எறும்பு?" என்றார் பாய். டாக்டரம்மா கட்டிலைக் காட்டினார்.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மணிக்கட்டு, கணுக்கால் என்று தொட்டார். ஊசியை எப்போது போடுவார் என்று காத்திருந்தேன். போட்டு முடித்தாகிவிட்டது என்றார். பிள்ளையார் எறும்புதான். திரைக்கு அந்தப் பக்கம் முனுசாமி, ஆம்பூர் பிரியாணியில் அரிசி சரியில்லை என்று ஆரம்பித்தார். பாய் விடுவாரா? அவர் பதில் சொல்ல ஆரம்பித்தது வரைதான் ஞாபகம்.

முழித்தபோது ஊசியெல்லாம் எடுத்தாகிவிட்டது. லாட்ஜுக்குக் கிளம்புகிற நேரம். முனுசாமி திரையை விலக்கிக்கொண்டு நின்றார், தொண்டை கட்டின குரலில் பேசினார்: "நாங்க பேச்ச நிறுத்துனா நீ நெளியுற. பேசுங்க, பேசுங்கனு டாக்டரம்மா சைகை காட்றாங்க. அரிசி, எண்ணெய், மருமகள்னு எல்லாத்துக்கும் சண்ட போட்டுட்டோம்பா, இனிமே எங்கிட்ட விஷயம் இல்ல."

தூங்க வைத்தது ஊசியா, அந்த ரெண்டு பேர் சண்டையா என்று எனக்கு இன்றுவரை தெரியாததால், வாரம் ரெண்டு நாள் ஊசியையும் விடவில்லை, பகலில் நான் தூங்கும்போது தலைமாட்டில் ஓயாமல் பேசட்டும் என்று வாங்கிவைத்த ரேடியோவையும் நிறுத்தவில்லை.